நெத்திலி காலமானார்

லைட்ஹவுஸ் குப்பத்துத் தேவேந்திரன் உலகக் கூடைப்பந்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவெடுத்த நாளில், அவனுக்குக் கூடையும் தெரியும், பந்தும் தெரியும். கூடை என்றால் அவன் மனைவி அமுதவல்லி பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிற கூடை. பந்து என்றால் குப்பத்துப் பிள்ளைகள் அடித்து ஓடு உடைக்கிற பந்து. இரண்டையும் எதற்காக ஒன்று சேர்க்க வேண்டும் என்பதுதான் தெரியாது. ஆனால் ஆரம்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சுரேஷ் அந்த விளையாட்டைப் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, இதுல நீ ஆடவே வேணாம். ஆடறவனுங்களுக்கு நீ மொதலாளி. ஒக்காந்த எடத்துல டீம் நடத்தலாம்" என்றான். உட்கார்ந்த இடத்தில் என்ற வார்த்தை நேராகத் தேவேந்திரனின் நெஞ்சில் போய் இறங்கியது. பிறந்ததிலிருந்து அதற்காகத்தான் அவன் தயாராகிக்கொண்டிருந்தான்.

டீமில் இருந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைகள். எதிர்த்து ஆடும் டீம்களை நடத்துகிறவர்கள் மட்டும் நிஜ மனிதர்கள். ஒருத்தன் போலந்தில் இருப்பான், ஒருத்தன் பிலிப்பைன்ஸில் இருப்பான். ஆட்டக்காரர்களின் பெயர்கள் தேவேந்திரன் வாயில் நுழையவில்லை. லிதுவேனியாப் பையன் ஒருவனின் பெயரைச் சொல்லிப் பார்த்ததில் கடைவாய்ப் பல் ஆடிவிட்டது. செல்லப்பெயர் வைத்துக்கொள்ள விளையாட்டில் இடம் இருந்ததால், கிடுகிடுவென்று வளர்ந்த அந்தப் பையனுக்குக் கொடுவா என்று மீன் பெயர் வைத்தான். ஒல்லியாக நீண்டவன் வாளை ஆனான். குட்டையாக இருந்துகொண்டு எல்லார் காலிலும் மிதிபடுகிறவனுக்கு நெத்திலி.

விளையாட்டைத் தமிழில் ஆடவும் ஒரு பொத்தான் இருந்தது. தாய்மொழிப் பற்றில் அதை அழுத்தினான். அந்தத் தமிழை எழுதியது மனிதன் இல்லை, மிஷின். பந்தை அடுத்தவனுக்குப் பாஸ் பண்ணுவதை அது 'காலமாதல்' என்று எழுதியிருந்தது. எம்பிக் குதித்துப் பந்தைக் கூடையில் போடுவது 'குதித்துச் சுடுதல்'. எதிராளியிடமிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பது 'திருட்டு'. பயிற்சி கொடுக்கிற கோச், 'ரயில் பெட்டி' ஆகியிருந்தார். காலையில் போனைத் திறந்தால், 'உங்கள் ரயில் பெட்டி உற்சாகமாக இருக்கிறது' என்று சேதி வந்து நிற்கும்.

ஒவ்வொரு வித்தையிலும் ஆட்டக்காரன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதற்கும் வார்த்தை உண்டு. அடிமட்டம் 'பரிதாபம்'. அதற்கு மேலே 'சுமார்'. அப்புறம் 'மரியாதைக்குரியது', 'பிரமாதம்'. உச்சியில் 'அற்புதம்'. தேவேந்திரனின் டீமில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பரிதாபமாக இருந்தது. வாளை மட்டும் திருட்டில் மரியாதைக்குரியவன்.

ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்த அமுதவல்லி, வாசலில் போனும் கையுமாகக் கிடந்த புருஷனைப் பார்த்தாள்.

"இன்னாயா பண்ணிக்கினு கீற?"

"ட்ரெய்னிங் குடுத்துக்கினு கீறேன்."

"ஆருக்கு?"

"நெத்திலிக்கு."

"இன்னா ட்ரெய்னிங்?"

"காலமாதல்."

அமுதவல்லி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். "நெத்திலி காலமாவறதுக்கு ட்ரெய்னிங் இன்னாத்துக்குயா? தண்ணிய வுட்டு எடுத்தா அதுவா ஆவப் போவுது."

தேவேந்திரன் பொறுமையாக விளக்கினான். அவள் இத்தனை கவனமாக அவன் பேச்சைக் கேட்டது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே விளக்கிவிட்டான்.

"வாரத்துக்கு ஒரே ஒரு வித்தைதான்மே ட்ரெய்னிங். ஒரே ஒரு எடந்தான். மேட்ச்ல அந்த எடத்துல நிக்கறவனுக்குத்தான் அந்த வித்தை ஏறும். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஆரு ஏறினான்னு சொல்லும்."

"ஏறிச்சா?"

"ஏறலை. லீக்குல கடேசில கீறோம்."

"எவனை நிக்க வெக்கற?"

"எல்லாரையுந்தான்."

"எல்லாரையுமா?"

"பாடுமே! ஆளுக்குக் கொஞ்ச நேரம். நம்ம பசங்கல்ல, ஒருத்தனுக்குக் குடுத்து ஒருத்தனுக்கு இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

ஏரியில் வலை போடுகிறவர்களுக்குப் பாடு என்பது சட்டம். நல்ல இடமாயிற்றே என்று ஒருத்தனே போய் உட்கார்ந்துகொள்ள முடியாது. இன்று இந்த இடம் இன்னாருக்கு, அடுத்த நாள் இன்னாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கும். பாடு வந்தவன் வலையோடு போவான். வராதவன் வீட்டில் இருப்பான். தேவேந்திரன் முறை தவறாதவன். பாடு வந்த நாளில் ஏரிக்குப் போவான். வராத நாளில் அமுதவல்லி வசை பாடுவாள், அதைக் கேட்பான். அப்படிப்பட்டவன் கண்ணுக்குத் தெரியாத லிதுவேனியாப் பையனுக்கும் பாடு பிரித்ததில் ஆச்சரியம் இல்லை. உலகத்தில் அந்த விளையாட்டை ஆடுகிற எத்தனையோ பேரில் இப்படி ஒரு நியாயவான் வேறு எவனும் இல்லை. அதனால்தான் வேறு எவனும் கடைசியில் இல்லை.

அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏரி ஆரு சொத்துயா?"

"ஊர் சொத்து."

"அதான் பாடு. இவனுங்க ஆரு சொத்து?"

"என்னுது."

"அப்ப எவன் வந்து உங்கிட்ட நாயம் கேக்கப் போறான்? வந்தவன் போனவன்லாம் செத்த நேரம் நின்னா எவனுக்கு இன்னாயா வரும்? ஒருத்தனைப் புடி. ஒரே எடத்துல நிறுத்து. முழுசா நிறுத்து. அழுதாலும் நிறுத்து."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தேவேந்திரனுக்கு ரோஷம் வந்தது. அந்த ரோஷத்திலேயே அவள் சொன்னபடி செய்தும் விட்டான். கொடுவாவை நடுவில் நிறுத்தினான். வெள்ளிக்கிழமை வந்தது. கொடுவா 'சுமார்' ஆனான். அடுத்தடுத்த வாரங்களில் 'மரியாதைக்குரியது', 'பிரமாதம்' என்று ஏறிக்கொண்டே போனான். அப்புறம் நெத்திலியை நிறுத்தினான், அவன் காலமாதலும் ஏறியது. டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. போலந்துக்காரன் ஒருவன், இதென்ன ரகசியம் என்று கேட்டுச் சேதி அனுப்பினான். "எல்லாம் என் மூளை" என்று தேவேந்திரன் பதில் அனுப்பினான். அதை மிஷின் அவனுக்கு எப்படி மொழிபெயர்த்ததோ, 'சீக்கிரம் குணமாகட்டும்' என்று பதில் வந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. பாடு வந்த சாயங்காலங்களில் தேவேந்திரன் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவான். முன்னே ஒரு போனை ஏரிக்குக் காவு கொடுத்தவன் அவன். அந்த நேரத்தில் மேட்ச் நடந்தால், ஆளை மாற்றி விடுவதற்கு யாராவது வேண்டும்.

"அமுதா, ஒரு கண்ணு பாத்துக்கயேன்" என்றான்.

"பாக்கறேன். ஆனா எனுக்கு நேரம் வேணும்ல? மீன் விக்கவா, கொழம்பு வெக்கவா, உன் நெத்திலி காலமாவுதான்னு பாக்கவா?"

"அப்ப?"

"கொழம்ப நீ வெய்யி."

தேவேந்திரன் சிரித்தான். "நான் ஒத்தாசை பண்ணாமயா கீறேன்? தண்ணி புடிக்கறேன், கருவாடு திருப்பறேன்..."

"அரைக் கொடம் புடிப்ப. நாலு கருவாடு திருப்புவ. ஒரு தட்டு கழுவுவ. எல்லாத்துலயும் ஒரு கை, எதுலயும் ரெண்டு கை இல்ல. வூட்டு வேலைக்கும் பாடு பிரிச்சு வெச்சுக்கினு கீற. இனிமே ஒரே எடம். இந்த வாரம் அடுப்பு."

சரி என்று சொல்லும்போதே தேவேந்திரனுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. ஆண்குலம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் யோசனைதான் அது. வேலையை வேண்டுமென்றே கெடுத்துவைத்தால், பார்க்கச் சகிக்காமல் பெண்களே பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் ஆயுசுக்கும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

முதல் நாள் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டான். அமுதவல்லி ஒரு வாய் சாப்பிட்டாள். முகம் மாறவில்லை. "பரிதாபம்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் புளியே கரைக்கவில்லை. "பரிதாபம்." அதற்கடுத்த நாள் மீனைக் கரைய விட்டான், குழம்பில் முள்தான் நீந்தியது. இன்றைக்குக் கரண்டியைப் பிடுங்குவாள் என்று ஆசையாக நீட்டிக்கொண்டு நின்றான்.

"நெத்திலி மொதல்ல எப்டியா இருந்தான்?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"பந்தை எதிராளி கையில குடுத்துட்டு வருவான்."

"அவனை வெளிய ஒக்கார வெச்சியா?"

"இல்ல."

"நிக்க வெச்சல்ல?"

"வெச்சேன்."

"நானும் வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு முள்ளை ஓரமாக ஒதுக்கினாள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று திட்டத்தில் இருந்தது. தான் வைத்த குழம்பைத் தானும்தான் தின்ன வேண்டும் என்பதைத் தேவேந்திரன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மார்க்கெட்டில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வருவாள். அவனுக்கு அந்தக் குழம்பை விட்டால் வேறு கதி இல்லை. வயிறு தாங்காமல் ஒரு நாள் உப்பைச் சரியாகப் போட்டான். அவள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சுமார்" என்றாள். தேவேந்திரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொடுவா ஏறினபோதுகூட இப்படிச் சிலிர்க்கவில்லை.

அதற்கப்புறம் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பூண்டைத் தட்டிப் போட்டுப் பார்த்தான். மாங்காய் நறுக்கிப் போட்டுப் பார்த்தான். மீன் சட்டியைக் கரண்டி போட்டுக் கலக்காமல், துணியால் பிடித்துச் சுற்றி ஆட்டிவிடக் கற்றுக்கொண்டான். ஏரியில் வலைக்காரர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, "மல்லிய வறுக்கணுமா, பச்சையா அரைக்கணுமா?" என்று கேட்டு ஊரைச் சந்தேகப்பட வைத்தான். 'மரியாதைக்குரியது' வந்தது. அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இரண்டு தடவை நடந்தான். மாதம் ஓடி, 'பிரமாதம்' வந்தது.

இதற்குள் போன் அமுதவல்லியின் இடுப்புக்குப் போய்விட்டிருந்தது. பாடு வந்த நாளில் வாங்கியதைப் பாடு வராத நாளிலும் அவள் திருப்பித் தரவில்லை. "கொழம்பு வெக்கற கையில போன் இன்னாத்துக்கு? வழுக்கிச் சட்டில வுழுந்துடும்" என்றாள். அவனுக்கும் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது. ஒரு நாள் எதிரே வந்த சுரேஷ், "டீம் ஃபைனலுக்குப் பூந்துடுச்சே! ஜெயிச்சா மேல் லீக்! அக்காவுக்கு வாழ்த்து சொன்னேன்னு சொல்லுண்ணே" என்று சொன்னபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

அவன் டீம். அவன் வைத்த பெயர்கள். 'பரிதாப'த்திலிருந்து அவன் கண்ணெதிரே ஏறினவன் கொடுவா. ஃபைனலில் அவன் நிற்கும்போது பார்க்கப் பெற்றவனுக்குக் கொடுத்துவைக்க வேண்டாமா? வாழ்த்து அக்காவுக்காம். தேவேந்திரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டீமைத் திரும்ப வாங்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டான்.

கேட்டால் தர மாட்டாள். ஆகவே ஆளையே ஊரை விட்டுக் கிளப்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் போனை இரவல் வாங்கி, அனுப்பம்பட்டில் இருக்கும் மாமியார் சாமுண்டீஸ்வரிக்குப் போட்டான்.

"அத்தே, உங்க பொண்ணு ரொம்ப எளைச்சுப் போய்ட்டா. எந்நேரமும் உங்க நெனப்புதான். வெள்ளிக்கெழமை வரச் சொல்லி ரெண்டு நாள் வெச்சுக்கினு அனுப்புங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"எளைச்சுட்டாளா? என் வயித்துல பொறந்தது எளைக்காதே மாப்ள! நான் பாத்துக்கறேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

வெள்ளிக்கிழமை காலையில் அமுதவல்லி ஒரு வார்த்தை பேசாமல் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். போனையும் வைத்துவிட்டுப் போனாள். தேவேந்திரனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. பகல் முழுக்கத் திண்டு போட்டுச் சாய்ந்துகொண்டு டீமைத் தடவித் தடவிப் பார்த்தான். சாயங்காலம் ஆகப் போகிற நேரம், மேட்சுக்குக் கொடுவாவை நடுவில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், வாசலில் மூன்று நிழல் விழுந்தது. அமுதவல்லி, அவள் தங்கை வினோதினி, இருவருக்கும் முன்னால் மாமியார்.

"வாங்க அத்தே" என்றான். வாய் சொன்னதே ஒழிய, முகம் வரவேற்கவில்லை.

"நீ எளைச்சுட்டேன்னு மாப்ள சொன்னாரே, இன்னாடி சேதின்னு இவளைக் கேட்டேன்" என்று ஆரம்பித்தாள் சாமுண்டீஸ்வரி. சொல்லாதீங்க என்று அவன் சொன்னதைத்தான் முதலில் சொன்னாள். "அவருதாம்மா இப்ப கொழம்பு வெக்கறாரு, அது பிரமாதம்னா. அதைத் தின்றவ எப்டிடி எளைப்பா? ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்னு நானே வந்துட்டேன். வெய்யிங்க மாப்ள, ஒரு கொழம்பு."

அமுதவல்லி கையில் கொடுவா தொங்கிக்கொண்டிருந்தது. இது நிஜக் கொடுவா. வருகிற வழியில் மார்க்கெட்டில் எடுத்திருக்கிறாள்.

அவளைச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனான் தேவேந்திரன். "இன்னாமே இது? மேட்ச் ஆரம்பிக்கப் போவுது. இன்னிக்கு ஃபைனல்!"

"எனுக்குத் தெரியாதா? அதான் வெரசா வந்தேன்."

"டீமு என்னுதுமே."

"ஆரு இல்லைன்னா?" அமுதவல்லி மீனை அவன் கையில் திணித்தாள். "சரியா, ஒரு பந்தயம். இன்னிக்கு மேட்ச் நான் பாக்கறேன். நீ கொழம்பு வெய்யி. எங்கம்மா அற்புதம்னு சொல்லிட்டா டீமு உன்னுது. நான் அப்பறம் கையால தொடமாட்டேன். சொல்லலைன்னா டீமு என்னுது, பேச்சு கெடையாது."

"ஆத்தா மேல சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியமா."

சாமுண்டீஸ்வரி யார் குழம்பையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. தன் சொந்தத் தாயார் வைத்த குழம்பையே, "வெந்துருக்கு" என்று மட்டும் சொன்னவள். அது தெரிந்தும் தேவேந்திரன் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டான். வேறு வழி இல்லை.

நடுவீட்டில் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விளையாட்டு நடப்பதை எழுத்தில்தான் காட்டும் என்பதால், காலேஜ் படிக்கிற வினோதினி உரக்க வாசித்தாள். தேவேந்திரன் காதை நடுவீட்டிலும் கையை அம்மியிலும் வைத்துக்கொண்டான்.

"நெத்திலி வாளையிடம் காலமானார்" என்று வாசித்தாள் வினோதினி.

"ஐயையோ! ஆருடி அது? சின்ன வயசா?" என்றாள் மாமியார்.

"பத்தொம்போதும்மா."

"பாவி மவன்! பெத்தவளுக்குச் சொல்லி அனுப்பினாங்களா?"

"நெத்திலி கொடுவாவிடம் காலமானார்."

"மறுபடியுமா?"

"அம்மா, அது பந்தைக் குடுக்கறது. அவன் எத்தினி தபா காலமாவறானோ அத்தினி தபா நமுக்கு நல்லது" என்று அமுதவல்லி விளக்கினாள். மாமியார் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "காலமாவுடா நெத்திலி, காலமாவு! ஏண்டா கையில வெச்சுக்கினு நிக்கற?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் தேவேந்திரன் எழுந்து ஓடி வந்து எட்டிப் பார்ப்பான். "யோவ், அடி புடிக்கும்" என்று அமுதவல்லி திரும்பாமலே சொல்வாள். திரும்பி ஓடுவான். குழம்பு கொதித்தது. மாங்காய் போட்டாயிற்று. மீன் துண்டுகளை எடுத்து உள்ளே விடப் போன நேரத்தில்தான் அந்த இடி இறங்கியது.

"கொடுவா நாற்றமடித்து வெளியேறினார்!"

ஃபவுல் பண்ணி ஆட்டத்தை விட்டு வெளியே போவதை மிஷின் இப்படித்தான் எழுதும். மாமியாருக்கு அது தெரியாது.

"மாப்ள! அதைக் கொழம்புல போடாதீங்க! நாறிப் போச்சாம்!"

"இல்ல அத்தே, இது வேற கொடுவா!"

"எத்தினி கொடுவா வாங்கின நீ? பாத்து வாங்க மாட்டியாடி?"

"அவனை எடுத்துட்டாங்கன்னா வாளைய நடுவுல போடு!" என்று கரண்டியோடு ஓடி வந்தான் தேவேந்திரன். "வாளை இல்லைன்னா தோத்தோம்!"

"வாளை சட்டிலியா?" என்று மாமியார் எழுந்தாள்.

"நீ போயா, நான் பாத்துக்கறேன்" என்றாள் அமுதவல்லி.

கடைசி நிமிஷம் வந்தது. ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். வினோதினி போனை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு வாசித்தாள். தேவேந்திரன் ஒரு காலை நடுவீட்டில் வைத்துவிட்டான். இன்னும் ஒரு எட்டு வைத்தால் போன் தெரியும். பின்னால் குழம்பு 'புஸ்' என்று பொங்கியது. மீன் விழுந்து அது இரண்டாம் கொதி. இந்த நேரத்தில் இறக்கினால்தான் துண்டு உடையாமல் நிற்கும். விட்டால் மாவாகிவிடும்.

அவன் மனசு முன்னே போயிற்று. கால் திரும்பிவிட்டது. அவன் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பியது. துணியால் சட்டியைப் பிடித்து, ஒரு சுற்று ஆட்டி, கீழே இறக்கி வைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வினோதினி, "நெத்திலி காலமானார்! வாளை குதித்துச் சுட்டார்! ஆட்டம் முடிந்தது!" என்று கத்தினாள். மூன்று பெண்கள் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. கொடுவாவின் டீம் மேல் லீக்குக்குப் போய்விட்டது. அதைப் பெற்றவன் சமையற்கட்டில் தனியாக நின்று சட்டியைப் பார்த்து அழுதான். அழுகிறபோதே எண்ணெய் சரியாகப் பிரிந்து மேலே வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டான்.

இலை போட்டு உட்கார்ந்தார்கள். தேவேந்திரன் பரிமாறிவிட்டு மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய். துண்டைத் திருப்பிப் பார்த்தாள். சோறு தீர்ந்தது; கையைக் காட்டினாள்; போட்டான். அதுவும் தீர்ந்தது. மறுபடியும் போட்டான்.

"எப்டி அத்தே?"

"நல்லாத்தான் கீது."

தேவேந்திரன் பதறிப் போய் மச்சினியைப் பார்த்தான். "வினோதினி, 'நல்லாத்தான் கீது' எந்த லெவல்மா?"

"மரியாதைக்குரியது இருக்கும் மாமா."

"அத்தே, நல்லா யோசிச்சு ஒரு வார்த்தை சரியாச் சொல்லுங்க. உங்க காலைப் புடிக்கறேன்."

"இன்னா மாப்ள இது? இலைய வழிச்சு, கைய நக்கிக்கினு கீறேன். இதுக்கு மேல வாயாலயும் வேற சொல்லணுமா?"

எல்லாரும் அமுதவல்லியைப் பார்த்தார்கள். அவள் தாயின் இலையைப் பார்த்தாள். கழுவி வைத்ததுபோல் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம்; டீம் அவளுக்கே போயிருக்கும். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"அது அற்புதந்தான்யா. இந்தா, டீமு உன்னுது. இனிமே நான் தொடமாட்டேன். எனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பந்தும் கூடையும்?"

தேவேந்திரன் இரண்டு கையாலும் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜெயித்துவிட்டோம் என்று நிஜமாகவே நினைத்தான். இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

மாமியார் கை கழுவிக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அமுதா, வினோதினி கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது. மாப்ளைய ஒரு மாசம் எங்க வூட்டுக்கு அனுப்பேன்."

அமுதவல்லி புருஷனை மேலிருந்து கீழ்வரைக்கும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்ப வேணாம்மா. துணி தொவைக்கறதுல இன்னும் பரிதாபமாக் கீறாரு. கொஞ்ச நாள் பொறு, ஏத்திட்டு அனுப்பறேன்."